கணக்கு யாருக்குச் சொந்தம்?

இரவு எட்டு மணி. மில்லில் ஷிப்டு முடித்து வந்த அப்பா திண்ணையில் சாய்கிறார். நடவுக்குப் போய்வந்த அம்மா அடுப்பை மூட்டுகிறாள். பத்தாவது படிக்கும் மகள் கணக்கு நோட்டுடன் வந்து நிற்கிறாள். "இதைச் சொல்லிக் கொடுங்கப்பா!" நோட்டில் எக்ஸ், ஒய் என்று இருக்கிறது. "எனக்கு என்னம்மா தெரியும்?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்.

உழைப்பாளி வீடுகளில் அன்றாடம் நடப்பது இது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை கணக்கைப் போட்டுவிடுகிறது. நம் பிள்ளை மறுநாள் வகுப்பில் தலைகுனிந்து நிற்கிறது. நாலு நாள் அப்படி நின்றால், 'நமக்குப் படிப்பு வராது' என்று தானே முடிவு கட்டிவிடுகிறது.

வராதா? யார் சொன்னது? நோட்டில் உள்ளது போன்ற ஒரு கணக்கை நம் பாஷையில் போட்டுப் பார்ப்போம்.

கடலை பறிக்க முதல் நாள் 3 ஆண்களும் 5 பெண்களும் போனார்கள். மொத்தக் கூலி 3,700 ரூபாய். மறுநாள் 2 ஆண்களும் அதே 5 பெண்களும் போனார்கள். மொத்தக் கூலி 3,000. ஆளுக்கு என்ன கூலி?

குறைந்தது ஓர் ஆண். குறைந்த பணம் 700. ஆகவே ஆண் கூலி 700. இரண்டு ஆண்களுக்கு 1,400 போக மிச்சம் 1,600. அதை ஐந்து பெண்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 320. ஆண் கூலிக்கு எக்ஸ், பெண் கூலிக்கு ஒய் என்று பெயர் வைத்தால் இதுதான் இயற்கணிதம். தெரியாததற்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்ததைக் கொண்டு அதைப் பிடிக்கிறோம். அவ்வளவுதான்!

இன்னொரு கேள்வியும் எழுகிறது. ஒரே வேலைக்கு அவருக்கு 700, இவளுக்கு 320 ஏன்? சம வேலைக்குச் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்ததே! மொத்தத் தொகைக்குள் மறைந்து கிடந்த அநியாயத்தைக் கணக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டது.

முக்கோணவியலும் இப்படித்தான். சமதரையில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நடுங்கள். நிழல் அரை மீட்டர் என்றால் உயரம் நிழலைப் போல இரண்டு மடங்கு. அதே நேரத்தில் ஒரு தென்னையின் நிழல் 6 மீட்டர் என்றால் மரம் 12 மீட்டர். பாடப் புத்தகம் 'டேன்' என்று சொல்வது இந்த மடங்கைத்தான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி இயற்கணித நூல் எழுதியது எதற்காக? பாகப்பிரிவினைக்கும் வியாபாரத்துக்கும் நில அளவைக்கும் கால்வாய் வெட்டுவதற்கும் உதவத்தான். வேலையிலிருந்து பிறந்த கணக்கு வேலை செய்கிறவன் வீட்டுக்கு எப்படி அந்நியமாகும்?

நாமும் பத்தாவதோடு நின்றவர்கள்தான். சங்க ஆபீசில் பஞ்சப்படிக் கணக்குப் பார்த்துப் பார்த்தே மறந்ததைத் திரும்பப் படித்தோம். ஆகவே சொல்கிறோம்: சங்க ஆபீசிலும் வாசகசாலையிலும் மாலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்போம். படித்த இளம் தோழர்கள் கூட உட்காரட்டும். விடையைச் சொல்ல வேண்டாம், வழியைக் காட்டட்டும். கணக்கு ஆசிரியர் இல்லாத அரசுப் பள்ளிக்கு ஆசிரியரைப் போடச் சொல்லி மனுக் கொடுப்போம், போராடுவோம்.

தோழர்களே! இன்றிரவு மகள் நோட்டுடன் வந்தால் முகத்தைத் திருப்பாதீர்கள். "நீ படித்ததை எனக்குச் சொல்லிக் கொடம்மா" என்று பக்கத்தில் உட்கார வையுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதே அவளுக்குப் பாதி விளங்கிவிடும். நமக்கும்தான்!