அந்த ஆறு மாதத்துக்கு யார் பணம் கட்டுவது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் நம் ஊர்க் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஒரு சுற்றறிக்கை வரும். மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டரை ஜெர்மனியிலோ பிரான்சிலோ ஜப்பானிலோ படிக்கலாம். அங்கே வாங்கும் கிரெடிட் இங்கே சேர்த்துக்கொள்ளப்படும். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது, இங்கே கட்டுவதே போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். கடைசி வரியில் மட்டும், பயணம், விசா, தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் மாணவரின் பொறுப்பு என்று இருக்கும்.

எங்களுக்குப் பிரச்சினை அந்தக் கடைசி வரியோடுதான். கல்லூரி வாசலில் சாதி கேட்கப்படுவதில்லை, தேர்வில் மதிப்பெண்தான் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அந்த ஒரு வரியை வைத்தே நம் பிள்ளைகளை வடிகட்டிவிடுகிறார்கள்.

ஜெர்மனியையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பதால் ஏழை மாணவர்களுக்கு ஏற்ற நாடு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் மாணவர் விசாவுக்கு, அங்கே வாழப் பணம் இருக்கிறது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்பார்கள். 2024 செப்டம்பர் முதல் அதன் அளவு மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஆறு லட்சம். இதில் ஒரு ரூபாய்கூடச் செலவாகிப் போவதில்லை, மாதாமாதம் மாணவர் கைக்கே திரும்பி வருகிறது. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே மொத்தமாக இருக்க வேண்டும். அதன்மேல் விமானச் சீட்டு, விசாவுக்கு 75 யூரோ, காப்பீடு, குளிருக்கு ஒரு நல்ல கோட்டு, போய் இறங்கியதும் அறைக்கு முன்பணம். ஏழிலிருந்து எட்டு லட்சம் இல்லாமல் இந்த ஆறு மாதத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

எங்களிடம் வந்த ஒரு மாணவியின் கதை இது. அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பிள்ளைக்கு ஒரு அரியர் கிடையாது. கல்லூரி அவரைத் தேர்ந்தெடுத்தது, ஜெர்மன் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. மகளிர் குழுக் கடன், சீட்டுப் பணம், அம்மாவின் தோடு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் தேறியது. நாங்களும் அவரோடு ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். "முழுப் படிப்புக்குப் போனா திட்டம் இருக்கும்மா, ஆறு மாசத்துக்கு எதுவும் இல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த இடம் பட்டியலில் அடுத்திருந்த மாணவருக்குப் போனது. அந்தக் குடும்பம் பணத்தை இரண்டு நாளில் கட்டியது. அந்தப் பையன்மேல் நமக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. ஆண்டுக்கு 125 இடம், அதில் பட்டியல் சாதியினருக்கு 115. முதுகலை, முனைவர் பட்டம் இரண்டுக்கும்தான். இளங்கலை மாணவர் ஒருவர் ஒரு செமஸ்டர் போய் வருவது அதன் கண்ணுக்கே தெரியாது. இருக்கிற திட்டத்தின் லட்சணமும் தெரிந்ததுதான். 2022-இல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளில் வெளிநாட்டில் படிக்க உதவி கிடையாது என்றார்கள். சாதியைப் பற்றி வெளியே போய்ப் படிக்காதே என்பதைத்தான் அப்படிச் சுற்றிச் சொன்னார்கள். 2025-இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் தற்காலிகக் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் தருவோம் என்று பதில். பிரிட்டனில் படிப்பவருக்கு அந்தத் திட்டம் தரும் வாழ்க்கைச் செலவு ஆண்டுக்கு 9,900 பவுண்டு. லண்டனில் படிக்க விசா கேட்பவர் 2025 தொடக்கத்தில் மாதம் 1,483 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,347 பவுண்டு காட்ட வேண்டியிருந்தது. ஓர் ஆண்டுக்கு அரசு கொடுப்பது, ஒன்பது மாதத்துக்கு விசா அலுவலகம் கேட்பதைவிடக் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க தில்லியில் ஆளில்லை.

தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் அயலக உயர்கல்வித் திட்டம் இதைவிட எவ்வளவோ மேல். ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நம் பிள்ளைகள் அதில் போய்ப் படிக்கிறார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதுவும் முதுகலையிலிருந்துதான் தொடங்குகிறது. நான் முதல்வன் திட்டத்தில் சிலர் குறுகிய காலப் பயிற்சிக்கு வெளிநாடு போய் வந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, தேர்வெழுதி, மதிப்பெண் வாங்கி வரும் ஒரு முழு செமஸ்டர் வேறு சங்கதி.

அந்த ஆறு மாதத்தில் அப்படி என்ன கிடைக்கிறது? ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் கிடைக்கிறது. பிறகு முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் விண்ணப்பிக்கும்போது அந்தக் கடிதம்தான் பேசும். நம்மில் பலருக்குப் பரிந்துரை எழுதுகிறவர், நமக்கு இன்டர்னலில் எத்தனை மதிப்பெண் போடலாம் என்று பெயரையும் ஊரையும் பார்த்து முடிவு செய்தவராக இருக்கக்கூடும். வெளியே ஒரு கடிதம் வாங்கிவிட்டால் அவர் தயவு தேவையில்லை. முதுகலைக்கு 36 லட்சம் தரும் அரசுக்குச் சொல்கிறோம், அந்த 36 லட்சத்துக்குத் தகுதி பெறும் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்க இந்த ஆறு மாதமே பலருக்கு ஏணியாகிறது. மேலே மாடி கட்டிவிட்டு ஏணியை மட்டும் பணமுள்ளவன் வீட்டில் வைத்திருக்கிறோம்.

வெளிநாடு போனால் சாதி போய்விடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023-இல் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் போட்டதற்குக் காரணமே அங்கே சாதி போய்ச் சேர்ந்துவிட்டதுதான். சைவம் மட்டும் என்று போட்டு அறை பங்கிடத் தேடும் நம்மவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அதையும் பார்த்துவிட்டு வரட்டும்.

இனி, பணம் இல்லாதவர் எப்படித்தான் அந்த ஆறு லட்சத்தைக் காட்டுவது? ஜெர்மன் விசா விதியில் வேறு வழிகளும் இருக்கின்றன. அங்கே வசிக்கும் ஒருவர் இவருடைய செலவுக்கு நான் பொறுப்பு என்று அங்குள்ள அலுவலகத்தில் உறுதி எழுதிக் கொடுத்தால் போதும். ஸ்டுட்கார்ட்டில் மாமா இருப்பவருக்குப் பணமே வேண்டாம், மாமாவின் கையெழுத்து போதும். நம் மாமாக்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் யார் படித்தார்கள், யார் கப்பலேறினார்கள் என்பது இன்றைக்கு விசா கோப்பில் ஒரு தாளாக வந்து நிற்கிறது. தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்தத் தாளைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட உதவித்தொகைக் கடிதம் காட்டலாம். இங்கேதான் அரசு செய்யக்கூடியது இருக்கிறது. இந்த மாணவருக்கு மாதம் இவ்வளவு தருகிறோம் என்று ஒரு கடிதம், விசாவுக்கு நேர்காணல் போகும் முன்பு கையில் கிடைத்தால் ஆறு லட்சத்தை முன்கூட்டியே திரட்டும் வேலை இல்லாமல் போகும். பிறகு பணத்தை மாதாமாதம் அனுப்பலாம். ஒருவருக்கு ஓர் ஆண்டு முதுகலைக்கு ஒதுக்கும் அதிகபட்சத் தொகையில் நான்கு பேரை ஒரு செமஸ்டர் அனுப்பிவிடலாம். முதுகலைத் திட்டத்தில் வெட்டி இதற்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. 2024-இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. நம் பெயரில் ஒதுக்கிய பணத்தை நமக்கே செலவிடுவதற்கு வந்த சட்டம் அது. அந்த நிதியிலிருந்து கேட்கிறோம்.

வங்கிக்குப் போகலாமே என்பார்கள். கல்விக் கடனில் நான்கு லட்சத்துக்கு மேல் போனால், வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் மாணவர் பங்கு. எட்டு லட்சத்துக்கு 1,20,000 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் அடமானம். எதை வைப்பது? நம் வீடுகள் நிற்பது பெரும்பாலும் அரசு கொடுத்த இலவச மனைப் பட்டாவில். இத்தனை ஆண்டு விற்கக் கூடாது, இன்னாருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனைகளோடு வந்த பட்டா. அந்த நிபந்தனை நிலத்தைக் காப்பாற்ற வந்தது, அதை நாமே கேட்டு வாங்கியது. ஆனால் வங்கி மேலாளரின் மேசையில் அது வெறும் தாளாகிவிடுகிறது. பஞ்சமி நிலம் நம் கையிலேயே இருந்திருந்தால் அடமானம் வைக்கவாவது ஏதாவது இருந்திருக்கும் என்று அந்த மாணவியின் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு கேள்வி வருகிறது. விடுதிகளில் கழிப்பறை சரியில்லை, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை படிப்பு முடிந்த பிறகு வருகிறது, இந்த நிலையில் ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் போவது யாருக்கு வேண்டும் என்று. விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியதே தவிரப் பலவற்றில் வேறொன்றும் மாறவில்லை என்பது எங்களுக்கும் தெரியும். அதற்கும் போராடுகிறோம். ஆனால் கழிப்பறை கட்டி முடிக்கும்வரை நம் பிள்ளை ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றி நினைக்கக் கூடாது என்ற வரிசையை யார் போட்டது? அந்த வரிசையில் நின்றிருந்தால் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியாவுக்குப் போயிருக்க முடியாது. பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரைப் பவுண்டு. அதற்குப் பத்தாண்டு வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. சிடன்ஹாம் கல்லூரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கோலாப்பூர் சாகு மகராஜ் உதவியும் நண்பர் கடனும் சேர்த்து 1920-இல் மறுபடி போனார். அவருக்கே மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. நம் மாணவிக்கு ஒரு செமஸ்டர் தவறினால் மறுபடி வராது, அடுத்த ஆண்டு படிப்பே முடிந்துவிடும்.

பணத்தைத் தவிர நாம் செய்துகொள்ள வேண்டியவையும் உண்டு. பாஸ்போர்ட்டை முதலாம் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். சுற்றறிக்கை வந்த பிறகு ஓடினால், காவல்துறை விசாரணை முடிவதற்குள் கல்லூரியின் கடைசித் தேதி போய்விடும். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரும் தந்தை பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம் வீடுகளில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வைத்ததுதான் பிறந்த தேதி, சில இடங்களில் பெயரும். ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டே கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் போய்ப் பெயரைச் சொல்லி வையுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் இரண்டு செமஸ்டரில் மதிப்பெண் குறையும், பிறகு ஏறும். எல்லா செமஸ்டரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நம் பிள்ளைகள் பின்னால் போவார்கள். கடைசி இரண்டு செமஸ்டரைப் பாருங்கள் என்று துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஆதிதிராவிடர் நலத்துறையிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கை மூன்றே வரிதான். இளங்கலை, முதுகலை மாணவர்கள் ஒப்பந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிக்க உதவித்தொகை வேண்டும். விசாவுக்கு முன்பே அதற்கான கடிதம் கையில் கிடைக்க வேண்டும். அந்தச் செமஸ்டரில் வருகைப் பதிவு இங்கே இல்லை என்று காரணம் காட்டி போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை நிறுத்தக் கூடாது என்று அரசாணையில் எழுத வேண்டும்.

இதற்கு எண்ணிக்கை வேண்டும். அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் செமஸ்டர் பரிமாற்றத்தில் எத்தனை பேர் வெளிநாடு போனார்கள், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர், தேர்வாகியும் போகாமல் நின்றவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். தனியார் பல்கலைக்கழகங்கள் நழுவப் பார்க்கும். அங்கே படிப்பவர்கள் தங்கள் வகுப்பில் யார் போனார்கள், யார் நின்றார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், துறையும் ஆண்டும் போதும். வருகிற பதில்களை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு சட்டமன்ற உறுப்பினர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுப்போம்.