கூட்டத்தில் நிற்பவளும் தொழிலாளிதான்

சாலிகிராமத்தில் ஏஜென்ட் வீட்டு வாசலில் நிற்கும் எங்களிடம் யாரும் நடிப்பைக் கேட்பதில்லை. சிவப்பாக இருந்தால் கல்யாண வீடு, கறுப்பாக இருந்தால் குப்பம். கூலியில் கமிஷன் போகும். புடவை மாற்ற ஒரு மறைப்பு இருக்காது. "அனுசரித்துப் போனால் நாளைக்கும் கூப்பிடுவேன்" என்பதை வாய்ப்பு என்கிறார்கள். நான் மிரட்டல் என்கிறேன்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஏஜென்ட் மூலம் வரும் தினக்கூலிப் பெண்ணையும் ஊழியர் என்றே சொல்கிறது. 10 பேர் வேலைசெய்யும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம். 200 பேர் நிற்கும் படப்பிடிப்பில் அதை எனக்குக் காட்டுங்கள். மலையாளத் துணை நடிகைகளுக்குக் கழிப்பறைகூட இல்லை என்று 2024இல் ஹேமா குழு அறிக்கை வெளிவந்தபோது எங்களில் எவளும் வியக்கவில்லை.

டைட்டிலில் எங்கள் பெயர் வராது. எவளாவது கைதானால் மட்டும் செய்தித் தலைப்பில் 'துணை நடிகை' வரும். அந்தப் பட்டம் வேண்டாம். கூலிச்சீட்டில் பெயரை எழுதுங்கள்.