முதிர்வுத் தேதி போடாத பாண்டு!

வெல்ல மண்டியில் யாரும் பேரைப் பார்த்து வெல்லம் வாங்குவதில்லை. நெய்க்காரப்பட்டிக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு உருண்டையை உடைப்பார்கள். நிறம் பார்ப்பார்கள். நுனி நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று சோதிப்பார்கள். அப்புறமும், "விலை ஜாஸ்தியாத் தெரியுதுங்க..." என்று ஒரு இழுவை இழுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். 'இவங்க தாத்தா காலத்திலேயிருந்து காய்ச்சுறாங்க' என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு முப்பது சிப்பம் எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது.

அதே ஆசாமிகள் ஷேர் மார்க்கெட் பக்கம் வந்தால்? பேரை மட்டும்தான் பார்க்கிறார்கள்!

2022 மே 4-ம் தேதி எல்.ஐ.சி. ஷேர் வெளியீடு ஆரம்பமானது. தன் கையிலிருந்த நூறு சதவீதத்தில் அரசாங்கம் விற்றது வெறும் மூன்றரை சதவீதம். அதுவே சுமார் 20,500 கோடி ரூபாய். இந்தியாவில் அதுவரை வந்த வெளியீடுகளிலேயே பெரிசு. 70 லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள். பாலிசிதாரர்களுக்கென்று ஒதுக்கிய பங்குக்கு மட்டும் சுமார் ஆறு மடங்கு போட்டி.

ஏன் இருக்காது? எல்.ஐ.சி.யை நாம் ஒரு கம்பெனி என்றா நினைக்கிறோம்? சொந்தக்காரர் மாதிரி. 1959-லிருந்து மவுண்ட் ரோட்டில் நிற்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டாமல் எந்த சினிமா ஹீரோவாவது சென்னைக்கு வந்து சேர்ந்திருக்கிறானா? அதன் பாண்டு நம் வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. ஏஜென்ட் பாதி பேருக்கு மாமா, மீதி பேருக்கு வாத்தியார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அத்தை கோவிச்சுக்கும்!

அதனால் அந்த மாதம் டீக்கடைகளில் ஓடிய சம்பாஷணை அநேகமாக இப்படித்தான் இருந்தது:

"ஏனுங்ண்ணா, எல்.ஐ.சி. ஷேர் போடலாமுங்களா?"

"கவர்மென்ட்டு கம்பெனி தம்பி. மூழ்கியா போயிரும்? கண்ணை மூடிட்டுப் போடு."

அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி. கம்பெனி மூழ்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்டவருக்கு என்ன ஆச்சு? கணக்குப் பார்க்கலாம், வாங்க.

விலை 949 ரூபாய். பாலிசிதாரர் என்றால் 60 ரூபாய் தள்ளுபடி போக 889. குறைந்தபட்சம் 15 ஷேர். ஆக 13,335 ரூபாய். மே 17-ம் தேதி மார்க்கெட்டுக்கு வந்தபோது ஆரம்ப விலை 872. முதல் நாளே 255 ரூபாய் அவுட். சரி, பழனி போய் ஃபேமிலியோடு நெய் ரோஸ்ட் சாப்பிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். 2023 மார்ச்சில் 530 வரை இறங்கியது. இப்போது காணாமல் போனது 5,385 ரூபாய். இதை நெய் ரோஸ்ட் கணக்கில் எழுத முடியாது.

அப்புறம் கதை திரும்பியது. 2024 ஆகஸ்டில் 1,200-ஐத் தாண்டியது. நம் 13,335 ரூபாய் 18,000 ஆயிற்று. 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். 2025 மார்ச்சில் 715-ஐத் தொட்டது. அண்ணன் காலரை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இடையில் டிவிடெண்டு உண்டு, மறக்கக் கூடாது. 2022-23-க்கு ஷேருக்கு 3 ரூபாய், 2023-24-க்கு 10, 2024-25-க்கு 12.

இப்போது ஒரே ஆபீஸில் பக்கத்து பக்கத்து சீட்டில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நாளில் அதே 15 ஷேர் வாங்கினார்கள். ஒருவருக்கு 2023 ஜூனில் தங்கச்சியின் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய அவசரம். சுமார் 600 ரூபாய்க்கு விற்றார். நாலாயிரத்துச் சொச்சம் நஷ்டம். இன்னொருவருக்கு அவசரம் இல்லை. 2024 ஆகஸ்ட் வரை சும்மா இருந்தார். நாலாயிரத்துச் சொச்சம் லாபம். முதல்வர் முட்டாளும் இல்லை, இரண்டாமவர் மேதையும் இல்லை. கம்பெனி அதே கம்பெனிதான். பணம் தேவைப்பட்ட தேதிதான் வேறு.

பாலிசிக்கும் ஷேருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், சார். பாலிசி பாண்டில் முதிர்வுத் தேதி அச்சடித்திருக்கும், தொகை அச்சடித்திருக்கும். ஷேரில் இரண்டுமே கிடையாது. 1956-ம் வருஷத்து எல்.ஐ.சி. சட்டத்தின் 37-வது பிரிவு, பாலிசித் தொகைக்கும் அறிவித்த போனஸுக்கும் மத்திய அரசு உத்தரவாதம் என்று சொல்கிறது. ஷேர் விலைக்கு? அந்தப் பிரிவில் ஒரு கமா, ஃபுல் ஸ்டாப்கூட இல்லை.

இன்னும் ஒரு விஷயம். பாலிசிதாரரும் ஷேர்தாரரும் ஒரே கட்சி என்று நினைக்கிறோம். சாப்பாட்டு இலையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள்! ஆதியில் எல்.ஐ.சி.யின் உபரியில் 95 பங்கு பாலிசிதாரருக்கு, 5 பங்கு முதலாளியான அரசாங்கத்துக்கு. வெளியீட்டுக்கு முன்னால் சட்டத்தைத் திருத்தி, லாபத்தில் பங்கு தரும் பாலிசிகளில் இதைப் படிப்படியாக 90-க்கு 10 என்று ஆக்கினார்கள். லாபத்தில் பங்கு தராத பாலிசிகளின் உபரி முழுக்க முழுக்க ஷேர்தாரர் பக்கம்.

விளைவு? இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு 'உள்ளார்ந்த மதிப்பு' என்று ஒரு கணக்கு உண்டு. முதலாளியின் கையில் இருக்கும் சொத்தும், ஏற்கெனவே போட்ட பாலிசிகளில் இனிமேல் அவருக்கு வரப்போகும் லாபமும் சேர்ந்தது. 2021 மார்ச்சில் எல்.ஐ.சி.யின் உள்ளார்ந்த மதிப்பு சுமார் 95,600 கோடி. ஆறே மாதத்தில், செப்டம்பரில், சுமார் 5.39 லட்சம் கோடி! அந்த ஆறு மாதத்தில் ஏஜென்ட் மாமா ஐந்து மடங்கு பாலிசி பிடித்துவிட்டாரா? இல்லை. பாகப்பிரிவினையில் வரப்பு நகர்ந்தது, அவ்வளவுதான்.

949 ரூபாய் விலையில் மொத்தக் கம்பெனியின் மதிப்பு சுமார் 6 லட்சம் கோடி. அதாவது உள்ளார்ந்த மதிப்பைப் போல 1.1 மடங்கு. அப்போது தனியார் லைஃப் கம்பெனிகளின் ஷேர்கள் இரண்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. "ரொம்ப சீப்புங்க!" என்றார்கள். சீப்புதான். ஏன் சீப்பு என்று கேட்டவர்கள் கம்மி.

முதல் காரணம், முதலாளி அரசாங்கம். அவருக்கு லாபத்தைத் தவிர வேறு கவலைகளும் உண்டு. 1957-ல் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனி ஷேர்களை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரத்தை பெரோஸ் காந்தி பார்லிமென்டில் கிளப்ப, சாக்ளா கமிஷன் விசாரித்து, நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் நிதியமைச்சர் பதவியே 1958-ல் போயிற்று. அது பழைய கதை என்கிறீர்களா? வாராக் கடனில் தவித்த ஐ.டி.பி.ஐ. பேங்கில் 51 சதவீதத்தை 2019 ஜனவரியில் வாங்கிக்கொண்டது யார்? எல்.ஐ.சி.தான். போட்ட பணம் சுமார் 21,600 கோடி. பேங்க் பிற்பாடு லாபத்துக்குத் திரும்பியது, சந்தோஷம். ஆனால் வெறும் ஷேர்தாரராக நீங்கள் இருந்தால், முதலில் அந்த பேங்கை வாங்கியிருப்பீர்களா?

இரண்டாவது காரணம், வரத்து. 2027 மே மாதத்துக்குள் 10 சதவீதமாவது பொதுஜனத்திடம் இருக்க வேண்டும் என்று செபி கெடு வைத்தது. பின்னாலேயே லாரி லாரியாக வெல்லம் வருகிறது என்று தெரிந்தால் மண்டியில் யார் விலையை ஏற்றிக் கேட்பார்கள்?

உடனே, 'எல்.ஐ.சி. ஷேரே வேண்டாம் என்கிறான்' என்று கிளம்பிவிடாதீர்கள். 245 இன்ஷூரன்ஸ் நிறுவனங்களை ஒன்றாக்கி, அரசாங்கம் 5 கோடி ரூபாய் மூலதனம் போட்டு ஆரம்பித்த ஸ்தாபனம். 2000-ல் தனியாருக்குக் கதவு திறந்து இத்தனை வருஷமாகியும் முதலிடத்தை விடவில்லை. வாங்கலாம். ஆனால் மாமாவின் முகத்துக்காக வாங்காதீர்கள். மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒன்று, இந்த விலைக்கும் உள்ளார்ந்த மதிப்புக்கும் எத்தனை மடங்கு வித்தியாசம்? கம்பெனியே வெளியிடுகிறது, பார்த்துக்கொள்ளலாம். இரண்டு, வியாபாரத்தில் லாபம் கூடுகிறதா, அல்லது பங்கு பிரிப்பதில் கூடுகிறதா? மூன்று, இந்தப் பணம் எனக்கு எப்போது வேண்டும்?

மூன்றாவதற்கு, 'அடுத்த ஜூன்' என்று பதில் வந்தால் பேசாமல் போஸ்ட் ஆபீஸுக்கு நடையைக் கட்டுங்கள். பத்து வருஷத்துக்குத் தேவையில்லை என்றால் மட்டும் ஷேர் பக்கம் வாருங்கள்.

பாலிசி போட்டால் மாமா வருஷா வருஷம் ஒரு காலண்டராவது கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார். ஷேர் வாங்கினால் காலண்டர் கிடையாது. ஃபீஸ் கட்டும் தேதியை நீங்களேதான் சுவரில் குறித்துவைக்க வேண்டும்!