ரிசாலின் காலடிகளும் மதராஸ் சிப்பாய்களும்

மணிலாவுக்கு மூன்று நாள் விடுமுறையில் போனபோது என் பட்டியலில் பேரங்காடிகள்தான் முதலில் இருந்தன. இன்ட்ராமுரோஸ் கடைசி வரியில். அரைநாளில் பார்த்துவிடலாம் என்று போனவளுக்கு ஒரு முழுநாளும் அங்கேயே கழிந்தது.

ஸ்பானிய மொழியில் இன்ட்ராமுரோஸ் என்றால் 'மதில்களுக்குள்ளே' என்று பொருள். போர்த்துகீசியர் நம் மலாக்காவைப் பிடித்து அறுபது ஆண்டுகள் கழித்து, 1571இல், லெகாஸ்பி மணிலாவை ஸ்பெயினுக்காகக் கைப்பற்றினார். அதன்பின் எழுந்த கோட்டை நகரம் இது. மலாக்காக் கோட்டையில் நமக்கு மிஞ்சியது முக்கியமாக ஒரு வாசல். இங்கேயோ மதில்மேல் ஏறி நெடுந்தூரம் நடக்கலாம். வெயிலுக்குத் தொப்பி கட்டாயம்!

சான்டியாகோ கோட்டைக்குள் ஹோசே ரிசாலை அடைத்து வைத்திருந்த அறை இருக்கிறது. அங்கிருந்து தரையில் வெண்கலக் காலடிகள் பதித்திருக்கிறார்கள். 1896 டிசம்பர் 30ஆம் தேதி காலை அவர் மரண தண்டனைக்கு நடந்து போன வழி அது. பிள்ளைகள் அவற்றின் மேல் குதித்து விளையாடினார்கள். நானும் ஒன்றில் என் காலை வைத்துப் படம் எடுத்தேன். பிறகுதான் கல்வெட்டில் அவர் பிறந்த ஆண்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். முப்பத்தைந்து வயது. எனக்கும் அதே வயதுதான். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கண் மருத்துவர், நாவலாசிரியர். ஆயுதம் ஏந்திய ஆள் இல்லை. அவரைச் சுட நிறுத்தப்பட்டவர்கள் ஸ்பானியப் படையில் சம்பளம் வாங்கிய பிலிப்பினோக்கள். அவர்கள் தயங்கினால் அவர்களையே சுடுவதற்குப் பின்னால் ஸ்பானியச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு நின்றிருக்கிறார்கள். இதை வழிகாட்டி சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார். எனக்குத்தான் அந்த முன்வரிசை மனத்தை விட்டுப் போகவில்லை.

1607இல் கட்டி முடித்த சான் அகுஸ்டின் தேவாலயத்தையும் பார்த்தோம். கூரையில் செதுக்கு வேலைப்பாடு என்று அண்ணாந்து வியந்தால், அத்தனையும் ஓவியமாம்! 1945இல் நடந்த மணிலாப் போரில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். மதிலுக்குள் இருந்த தேவாலயங்களில் இது ஒன்றுதான் இடியாமல் தப்பியது.

தெற்குப் பக்கம், சான் தியேகோ கொத்தளத்தின் அருகே வந்தபோது வழிகாட்டி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கள் ஆட்கள் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்."

"எங்கள் ஆட்களா? நான் மலேசியாவிலிருந்து வருகிறேன்."

"மதராஸிலிருந்து வந்தவர்களைச் சொல்கிறேன்."

உண்மைதான். 1762இல் பிரிட்டிஷார் மணிலாவைத் தாக்கக் கப்பல் ஏறியது மதராஸிலிருந்து. பீரங்கியால் மதிலை உடைத்து அக்டோபர் 6ஆம் தேதி நகருக்குள் புகுந்தார்கள். அந்தப் படையில் பல நூறு மதராஸ் சிப்பாய்கள் இருந்தார்கள். எல்லாரும் தமிழர் என்று மார்தட்ட முடியாது. தென்னிந்தியாவின் பல இனத்தாரும் கலந்த படை. தட்டிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். நகரம் சூறையாடப்பட்டது. ஸ்பெயினோடும் மணிலாவோடும் அவர்களுக்கு என்ன பகை? கும்பெனி சம்பளம் கொடுத்தது, போனார்கள். எனக்கு மறுபடியும் ரிசாலின் எதிரே துப்பாக்கி பிடித்து நின்ற அந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது.

1764இல் பிரிட்டிஷார் வெளியேறியபோது சிப்பாய்களில் சிலர் கப்பல் ஏறவில்லை. கைன்டா என்ற ஊரில் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து, அங்கேயே பிள்ளைகுட்டி பெற்றார்கள். அவர்களின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது.

இரவு சாப்பாட்டுக்குக் கரே-கரே வாங்கினேன். மாட்டுவால், காய்கறி, கெட்டியான நிலக்கடலைக் குழம்பு. அந்தச் சிப்பாய்களின் 'கறி'தான் இப்படி ஆனது என்று இங்கே ஒரு கதை உண்டு. கதைதான். மிளகாய்க் காரம் துளியும் இல்லை. தொட்டுக்கொள்ள நம் பெலாச்சானின் உறவுக்காரன் போல இறால் விழுது கொடுத்தார்கள். ஆனாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கைன்டாவுக்குப் போக இம்முறை நேரம் கிடைக்கவில்லை. விடுதிக்குத் திரும்பி வரைபடத்தில் தேடினேன். மணிலாவுக்குக் கிழக்கே இருக்கிறது. மாநிலத்தின் பெயர் ரிசால்.