இந்துப்புக்கென்று தனி வேதியியல் இல்லை

"இந்துப்பில் சோடியம் குறைவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அஞ்சாமல் உண்ணலாம்" என்றொரு கூற்று விளம்பரங்களிலும் காணொளிகளிலும் உலவுகிறது. நான் ஆய்வு மேற்கொண்டிருக்கும் வடபுலத்தில் அதற்குச் சேந்தா நமக் என்று பெயர். விரத நாளில் அதை உண்பது அவரவர் நம்பிக்கை. அதில் எனக்கு வழக்கில்லை. வேதியியலின் பெயரைச் சொல்லி நோயாளிக்கு விற்பதில்தான் வழக்கு.

கணக்கு எளிது. சோடியத்தின் அணுநிறை 22.99, குளோரினுடையது 35.45, கூட்டினால் 58.44. இதில் சோடியத்தின் பங்கு 39.3 விழுக்காடு. (ஒன்றுக்கு ஒன்று சேர்வதால் பாதிக்குப் பாதி என்று வேதியியல் மாணவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சமமாக இருப்பது எண்ணிக்கை, எடை அன்று.) ஆகவே 5 கிராம் உப்பில் ஏறத்தாழ 2 கிராம் சோடியம். வளர்ந்தவர் ஒரு நாளில் உண்பது இதற்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்துப்பின் பெரும்பகுதியும் இதே சோடியம் குளோரைடுதான். பெருமையோடு பட்டியலிடப்படும் மற்றக் கனிமங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் எடையில் சில விழுக்காட்டைத் தாண்டா.

பின் "குறைவு" எங்கிருந்து வந்தது? கரண்டியிலிருந்து. பரல் உப்பை அள்ளினால் இடையிடையே காற்று நிற்கும், எடை குறையும். தராசில் வைத்தால் அந்த மாயம் கலைந்துவிடும்.

தோற்றவர்கள் அடுத்து வேறொன்று சொல்வார்கள்: இயற்கை உப்பின் சோடியத்தை உடல் வேறு விதமாக ஏற்கிறதாம். உப்புப் படிகத்தில் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று தனியே ஒன்று கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும் அடுக்கு அது என்பதை 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு காட்டினர். (1927இல்கூட ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் நேச்சர் இதழில் இதை எள்ளி எழுதினார், படிகம் அதற்காக மாறிவிடவில்லை.) நீர் அயனிகளைப் படைப்பதில்லை, அங்கே ஏற்கெனவே இருப்பவற்றைப் பிரித்துத் தான் சூழ்ந்துகொள்கிறது. கரைந்தபின் சோடியம் அயனிக்கு ஊருமில்லை, பேருமில்லை. பாறையில் வெட்டியதா, சாம்பர் ஏரியில் விளைந்ததா, கடலில் காய்ச்சியதா என்று சிறுநீரகம் விசாரிப்பதில்லை.

உண்மையில் சோடியம் குறைந்த உப்பு உண்டு. அதில் ஒரு பகுதி சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆபத்தாகலாம்; மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. இந்துப்பு அது அன்று. அயோடின் சேர்க்காத இந்துப்பையே வீட்டு உப்பாக்கிக்கொண்டால் சோடியமும் குறையாது, அயோடினும் போகும்.

இந்த வணிகம் செழிக்க நம் உணவுப் பொட்டலங்களும் உடந்தை. மிக்சர் உறையில் "100 கிராமுக்குச் சோடியம் 800 மில்லிகிராம்" என்று அச்சிட்டிருந்தால் படிப்பவர் ஒரு கிராம்கூட இல்லையே என்று நிம்மதியடைவார். அதை 2.54ஆல் பெருக்கினால் 2 கிராம் உப்பு. மாலைக்குள் 200 கிராம் பொட்டலம் காலியானால் 4 கிராம். சோற்றுக்கும் குழம்புக்கும் அன்றைக்கு மிஞ்சுவது ஒரு கிராம். இந்தப் பெருக்கலைக் கடையில் நின்றபடி மூக்குக்கண்ணாடியைத் தேடும் முதியவர் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இயற்றிய விதி, சோடியத்தை 2.5ஆல் பெருக்கி "உப்பு" என்றே அச்சிடச் சொல்கிறது. சமையல் சோடாவின் சோடியம் உப்பாகுமா என்று நம் தொழிலதிபர்கள் கேட்கக்கூடும். அந்த விதியில் அதுவும் உப்புக் கணக்கில்தான் சேர்கிறது. அப்பளக்காரத்துக்கு மட்டும் இங்கே என்ன சலுகை?