சாவி ஒருவரிடம், கடவுச்சொல் இன்னொருவரிடம்

2014 செப்டம்பரில் நம் நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட ஏடிஎம் இயந்திரங்களிலிருந்து சுமார் 30 லட்சம் வெள்ளி களவு போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். திருடர்கள் பணப்பெட்டகத்தை உடைக்கவில்லை. இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்து, உள்ளிருந்த கணினியில் தீம்பொருளை ஏற்றினார்கள்; இயந்திரமே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டது. அடுத்த மாதம் கேஸ்பர்ஸ்கி நிறுவனம் பல நாடுகளில் பரவியிருந்த இதே வகைத் தீம்பொருளான டியூப்கினைப் பற்றி எச்சரித்தது. வங்கிகளுக்கு அது சொன்ன யோசனைகளில் ஒன்று: மேல்மூடிப் பூட்டுகளை மாற்றுங்கள், தயாரிப்பாளர் தந்த பொதுச்சாவியை நம்பாதீர்கள். வைரஸ் தேடுபவர்களே பூட்டைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று!

செனாவாங்கில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? தொழிற்பேட்டையின் சிறு பட்டறையை, தாமான் கடைவரிசையில் இருக்கும் கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். வாசலுக்கு ஒரு காவலர். கணினிக்கு எப்போதாவது வரும் பழுதுபார்ப்பவர். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. தோட்டத்தில் செக்ரோல் எழுதிய கிராணியே அதை அலமாரியில் வைத்துப் பூட்டவும் செய்தார். (அதில் எழுதிய கணக்கு நியாயமா என்பது வேறு கதை.)

விண்டோஸ் கடவுச்சொல் திரைக்கு முன் உட்காருபவரைத்தான் தடுக்கும். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், மறையாக்கம் செய்யாத கோப்புகளை அப்படியே படிக்கலாம். தொழிலாளரின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, நோயாளியின் வியாதி எல்லாம் போய்விடும். அதற்கு ஒரு திருப்புளி போதும். வன்தட்டை மறையாக்கம் செய்துவிட்டு, மீட்புக் குறியீட்டை அதே மேசை இழுப்பறையில் வைப்பவர்களும் உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீம்பொருள், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கண்காணிப்புக் கேமராக்களைத் தன் ஏவலாட்களாக்கியது. காவலுக்கு வைத்த கருவிக்கே காவல் இல்லை.

நம் சட்டம் இரண்டையும் பிரிக்கவில்லை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தரவு வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் கருவியின் பாதுகாப்பையும் கையாளும் ஆட்களின் நம்பகத்தையும் சேர்த்தே கவனிக்கச் சொல்கிறது. அலுவலகங்கள்தாம் பிரித்து வைத்திருக்கின்றன. என் கட்சி இதுதான்: இரண்டுக்கும் ஒரே ஆள் பொறுப்பேற்க வேண்டும். ஊழியர் ஒருவர் வேலையை விட்டால், அவருடைய வாசல் அட்டையும் கணினிக் கணக்கும் அதே நாளில், அந்த ஒரே ஆள் கையால் ரத்தாக வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை. உங்கள் விவரங்களை வைத்திருக்கும் முதலாளியிடமோ கிளினிக்கிலோ கேட்டுப் பாருங்கள்: அந்தக் கணினி இருக்கும் அறையின் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது?