சட்டம் பிள்ளையை அறியும்; பொலிஸ் அறியுமா?

பிள்ளை வேறு, வளர்ந்தவர் வேறு என்பதை இந்நாட்டின் சட்டம் நேற்று இன்று கண்டுகொள்ளவில்லை. அந்நியர் ஆண்ட காலத்திலேயே, 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டம் அதனை ஒப்புக்கொண்டது. பொலிஸ் நிலையத்தில் வைக்கப்படும் சிறுவன் வளர்ந்த குற்றவாளிகளோடு கலக்க விடப்படலாகாது. சிறுமியாயின் ஒரு பெண்ணின் பொறுப்பிலேயே இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. 1991 இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. பிள்ளையைக் கைதுசெய்வது வேறு வழியற்ற கடைசி நிலையில் மட்டுமே. தடுத்துவைப்பதும் இயன்ற அளவு குறுகிய காலத்துக்கே என்பது அதன் 37 ஆம் உறுப்புரை. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் வந்தது. 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் குற்றப் பொறுப்புக்குரிய வயதை 8 இலிருந்து 12 ஆக உயர்த்தியது.

ஆகவே, சட்டப் புத்தகங்களுக்கு இந்நாட்டிற் குறைவில்லை. ஆனால் பிள்ளை சந்திப்பது சட்டப் புத்தகத்தையா? மாலை வகுப்பு முடிந்து விளக்கில்லாத சைக்கிளில் வரும் 15 வயது மாணவன் சந்திப்பது சந்தியில் நிற்கும் கொன்ஸ்தாபிளை. மணல் ஏற்றிய உழவுயந்திரத்தின் பெட்டியிலிருந்து இறக்கப்படும் கூலிக்காரச் சிறுவன் சந்திப்பதும் அவரையே. தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்லத் தாயின் கையைப் பற்றிக்கொண்டு வரும் சிறுமி சந்திப்பதும் அவரையே. அந்த முதல் ஐந்து நிமிடங்களில் அவர் வாயில் வரும் சொல்லும் அவர் கை போகும் திசையுமே அப்பிள்ளைகளுக்குச் சட்டம். 1939 உம் 1991 உம் 2018 உம் அந்தச் சந்திவரை வந்து சேர்ந்தனவா என்பதே எமது கேள்வி.

இந்நாட்டுப் பொலிஸ் படையின் அடித்தளம் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டம். குடிகளை அடக்கி ஆள வந்தவர்கள் அமைத்த படையின் பழக்கம், ஆண்டவர்கள் கப்பலேறிய பின்னரும் கப்பலேறவில்லை. பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவு உண்டே என்று அதிகாரிகள் விடை கூறுவர். உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குச் சந்தியில் நிற்பவர் அப்பிரிவைச் சேர்ந்தவரா? பயிற்சி ஒரு மேசையோடு நின்றுவிட, பிள்ளைகளோ படை முழுவதற்கும் முன்னால் நிற்கிறார்கள். சிறுவரோடு அடிக்கடி தொழிற்படும் பொலிஸ் உத்தியோகத்தர்களுக்குத் தனிப் பயிற்சி அளிக்கப்படவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 1985 இலேயே பெய்ஜிங் விதிகளில் எழுதிவைத்தது. ஒரு தலைமுறை வளர்ந்து, அதன் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும் காலம் வந்துவிட்டது. இன்னும் எத்தனை ஆண்டு அவகாசம் வேண்டும்?

பயிற்சி என்று நாம் கேட்பது இரண்டு நாட் கருத்தரங்கையும் தேநீரையும் சான்றிதழையும் அன்று. பிள்ளையின் மனம் எவ்வாறு இயங்குகிறது என்ற அறிவைக் கேட்கிறோம். பெரியவர் முன் தலைகுனிந்து நிற்பது எம் வீடுகளில் மரியாதை; பொலிஸ் நிலையத்தில் அதுவே குற்றவாளியின் அடையாளமாகிறது. அச்சத்தில் நா எழாதிருப்பது பிள்ளையின் இயல்பு. அதைத் திமிர் என்று எண்ணிக் கை ஓங்கப்படுகிறது. “நீதானே செய்தாய்?” என்று பத்துமுறை கேட்டால் பதினோராவது முறை “ஓம்” என்று சொல்லி வீட்டுக்குப் போக விரும்புவான் பையன். பிள்ளைக்குச் சமமாக அமர்ந்து, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டு, விடையை வாயில் ஊட்டாமல் காத்திருப்பது ஒரு தொழில்; அது கற்றால் வரும், கல்லாமல் வராது. கொடுமைக்குள்ளான சிறுமியை ஐந்து பேர் ஐந்து இடத்தில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது இரண்டாவது கொடுமை. சிறுவரின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சான்றாக ஏற்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது இதற்காகவே. கருவி கிடைத்தும் கேட்கத் தெரிந்தவர் இல்லையேல் பயன் என்ன?

கல்லாமையின் விலை எவ்வளவு என்பதற்கு உலகம் சாட்சி. 1989 இல் நியூயோர்க் நகரில் ஒரு பெண் கொடுமையாகத் தாக்கப்பட்ட வழக்கில் 14 முதல் 16 வயதுவரையான ஐந்து சிறுவர் பிடிக்கப்பட்டனர். மணிக்கணக்கான விசாரணையின் முடிவில், அவர்களில் நால்வர் தாம் செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒளிப்பதிவுக் கருவியின் முன்னே கூறினர். ஐவரும் சிறை சென்றனர். உண்மைக் குற்றவாளி வேறொருவன் என்று வெளிப்பட்டு, 2002 இல் அத்தீர்ப்புகள் நீக்கப்பட்டன. இளமையைச் சிறை தின்றபின் கிடைத்த நீதி அது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2015 செப்டெம்பரில் தென்னிலங்கையின் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கொலையுண்டாள். சந்தேகத்தின் பேரில் 17 வயது மாணவன் ஒருவன் பிடிக்கப்பட்டான். காவலில் தான் தாக்கப்பட்டதாக அவன் முறையிட்டான். மரபணுப் பரிசோதனை அவனை அக்குற்றத்தோடு தொடர்புபடுத்தாமையால் விடுவிக்கப்பட்டான். 2016 இல் குற்றவாளியாகக் காணப்பட்டவன் வேறொருவன். அந்த மாணவன் தமிழன் அல்லன். பொலிசாரின் தாய்மொழியே அவன் தாய்மொழி. அவர்களின் ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு விளங்கியது. அவனது ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு விளங்கியது. அவனுக்கே கதி அதுவென்றால், கேள்வியின் மொழியே விளங்காத பிள்ளையின் கதி யாது?

இங்கேதான் தமிழ்பேசும் மக்களின் தனித் துயரம் தொடங்குகிறது. 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இல் 16 ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. எனினும் தமிழிற் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாதவனிடம் கையொப்பம் வாங்கும் வழக்கம் ஒழிந்தபாடில்லை. பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் அறிந்த உத்தியோகத்தர் 24 மணி நேரமும் இருத்தல் வேண்டும்; முறையிடுபவர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் எழுதப்படவேண்டும் என்று 2011 இல் விதந்துரைத்தது நாம் அல்லோம்; அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. தான் நியமித்த ஆணைக்குழுவின் சொல்லையே கேளாத அரசு, பிள்ளையின் சொல்லையா கேட்கப்போகிறது? மொழிபெயர்க்க ஆளின்றி, நிலையத்துக்கு அலுவலாக வந்த யாரையோ அழைத்து ஒரு சிறுமியின் மானத்தை மொழிபெயர்க்கச் செய்வதிலும் கீழான செயல் உண்டோ?

“போதைப்பொருள் பள்ளிக்கூட வாசல்வரை வந்துவிட்டது, வாள் தூக்குபவன் பள்ளிப் பையன், இந்நேரத்தில் மென்மை பேசலாமா?” என்று எம்மவரிலும் சிலர் கேட்கின்றனர். அவர்களின் கவலை நியாயமானது; அவர்கள் கேட்கும் மருந்து தவறானது. பையனின் சட்டைப்பையில் அந்தப் பொட்டலத்தை வைத்தவன் யார்? அதைச் சொல்லக்கூடியவன் அந்தப் பையன் ஒருவனே. அடித்தால் அவன் அயல்வீட்டுத் தோழனின் பெயரைச் சொல்வான்; வியாபாரியின் பெயரைச் சொல்லான். நம்பிக்கை வந்தாலன்றி அப்பெயர் வெளிவராது. பிள்ளையிடம் பேசத் தெரிந்த பொலிஸ்காரரே போதை வியாபாரிக்கு மெய்யான எதிரி.

கமக்காரருக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வளர்ந்த பயிருக்கு வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சுகிறவர், நாற்றுமேடைக்குப் பூவாளியாலே தெளிக்கிறார். நீர் ஒன்றே, கை வேறு. நாற்றுமேடைக்கு வாய்க்காலைத் திருப்பிவிட்டு, கன்று அழுகிற்றே என்று கன்றைக் குறை கூறும் கமக்காரரை நாம் கண்டதில்லை. அரசாங்கத்தை மட்டுமே கண்டிருக்கிறோம்.

ஆதலின் நாம் கேட்பவை இவை. சிறுவரோடு நடந்துகொள்ளும் முறையில் தேர்வு பெறாத எவருக்கும் பொலிஸ் சீருடை அணிவிக்கப்படலாகாது. ஒவ்வொரு நிலையத்திலும், இரவும் பகலும், இதற்கென்றே பயின்ற உத்தியோகத்தர் ஒருவர் இருத்தல் வேண்டும். வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் அவர் தமிழ் பேசவும் எழுதவும் வல்லவராய் இருத்தல் வேண்டும். பயின்றவரை ஆறு மாதத்தில் வேறிடத்துக்கு மாற்றிப் பயிற்சியைப் பாழாக்கலாகாது. பெற்றோரோ பாதுகாவலரோ அருகிலின்றிப் பிள்ளையிடம் வாக்குமூலம் பெறலாகாது. எழுதியதைப் பிள்ளையின் மொழியில் வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வாங்கலாகாது. இவற்றில் எதுவும் ஆகாயத்துப் பூ அன்று. அயல்நாடாகிய இந்தியா தனது 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பயிற்சி பெற்ற சிறுவர் நல அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும் என்று எழுதியுள்ளது. அங்கும் எழுத்துக்கும் செயலுக்கும் இடையே தூரம் உண்டு; ஆயினும் எழுதியதைக் காட்டிக் கேட்கும் உரிமை அங்குள்ள தாய்க்கு இருக்கிறது.

அரசாங்கம் தானாகத் தரும் என்று காத்திருப்பவர்கள் அல்லோம் நாம். சட்டத்தரணிகளே, நீங்கள் பிள்ளையைச் சந்திப்பது நீதவான் முன்னிலையில்; அதற்கு முந்திய இரவில் நடந்தது என்ன என்று மன்றிலே கேளுங்கள். வைத்தியர்களே, பிள்ளையின் உடலிலுள்ள தழும்பை ஒன்றுவிடாமற் குறித்து வையுங்கள். ஆசிரியர்களே, பெற்றோர் வரும்வரை மாணவனைப் பொலிசாரின் விசாரணைக்குத் தனியே விட்டுவிட்டு அகலாதீர்கள். கமக்காரர்களே, மகனை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள் என்று கேட்டால் தனியே ஓடாமல், கமக்காரர் அமைப்பிலுள்ள நால்வரோடும் ஒரு சட்டத்தரணியோடும் போங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிட மறுங்கள். மறுப்பது உங்கள் உரிமை.

பிள்ளை முதன்முதலாகக் காணும் அரசாங்கம் பொலிஸ்காரரே. அவர் முகத்தில் அது நீதியைக் கண்டால் நாளை இந்நாட்டின் குடியாகும். பகையைக் கண்டால் அப்பகையை எந்நாளும் மறவாது. எது வேண்டும் என்பதை ஆள்வோர் தீர்மானிக்கட்டும். எம் பிள்ளைகளின் கையொப்பம் இனி இருட்டில் வாங்கப்படலாகாது என்பதை நாம் தீர்மானித்துவிட்டோம்.